ஹெரால்டுக்குள் உட்கார்ந்து பேசிய பேச்சு

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிற ஆள் நான். ஆவடி ஃபாக்டரியில் இருபது வருஷத்துக்கு மேல் லேத்திலும் மில்லிங்கிலும் நின்றவன், ஒரு நூல் பிசகினாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், டூல் தேய்ந்திருக்கும், மிஷினில் மாட்டிய ஜாப் ஆடியிருக்கும், இல்லையென்றால் நான் தூங்கியிருப்பேன். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நம்பித்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். மாதா கோயிலுக்குப் போவேன், பூசையில் நன்மை வாங்குவேன், அது வேறு விஷயம். ஆனால் இதைச் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னிடமே ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்கப் போகிறீர்கள், கேளுங்கள், நடந்தது ராத்திரியே இல்லை, பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டது கோழிக் குழம்பு, மற்ற சமாச்சாரம் ஒரு சொட்டுகூட கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணத்துக்கு முன்னால், நான் ஒரு கார் வாங்கினேன். குவார்ட்டர்ஸில் எல்லோரும் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் ஃபாக்டரிக்குப் போன காலம் அது. என்னிடம் இருந்தது ஹெரால்ட், ரெண்டே கதவு, மேலே மடக்குகிற துணிக் கூரை, கருஞ்சிவப்பு நிறம். சோழவரம் கார் ரேஸில் ஓடிய வண்டி. பெரம்பூரில் டெஸ்மண்ட் என்று ஒரு ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரே ஓட்டினது. ஆஸ்திரேலியாவில் இருக்கிற பிள்ளைகளிடம் போகிறேன் என்று எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வண்டியின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும், எஞ்சின் மொத்தமாக வெளியே தெரியும். அதைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

சாவியைக் கொடுக்கும்போது டெஸ்மண்ட் சொன்னார், "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கோ மேன். என்னிக்காவது இதை விக்கிற பேச்சு பேசணும்னா கீழே இறங்கிப் பேசு. உள்ளே உக்காந்துகினு பேசாதே."

நான் சிரித்தேன். பிறகு பார்த்தால் அது அவர் மட்டும் சொல்கிற விஷயம் இல்லை. அம்பத்தூரில் வண்டி புரோக்கர்கள் விலை பேசும்போது கவனித்திருக்கிறீர்களா, வண்டியை விட்டுப் பத்தடி தள்ளிப் போய்த்தான் வாயைத் திறப்பார்கள். லாரி டிரைவர்களும் அப்படித்தான், மாற்றுகிற பேச்சு வந்தால் டீக்கடைக்கு நடந்துவிடுவார்கள். வண்டிக்குக் காது இருக்கிறதாம், கோபித்துக்கொள்ளுமாம். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கல்யாணம் ஆகி ஸ்டெல்லா வந்தாள். பூந்தமல்லிக்காரி, வாய்த்துடுக்கு. வந்த ஒரே வாரத்தில் ஹெரால்டுக்கு 'மூத்தவ' என்று பேர் வைத்துவிட்டாள். லீவு நாளில் நான் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தால், "மூத்தவளோட குடும்பம் நடத்தி முடிச்சிட்டு வாங்க, சோறு ஆறுது" என்று உள்ளே இருந்து குரல் வரும். கிண்டல்தான், ஆனால் கொஞ்சம் உண்மையும் அதில் இருந்தது. மழை பெய்தால் துணிக் கூரை ஒழுகும், புதுப் புடவையில் கிரீஸ் ஒட்டும், ஆவடியில் இருந்து பூந்தமல்லி போவதற்குள் அவள் தலை கலைந்து, அம்மா வீட்டு வாசலில் இறங்கும்போது அழுகிற நிலைமையில் இருப்பாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது என் சகலையால். ஸ்டெல்லாவின் அக்கா மேரியைக் கட்டியவர் லூர்து, திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சொந்தமாக ஒரு பட்டறை, பம்புக்குப் பாகம் செய்து கொடுப்பார். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அவர் புது எய்ட் ஹண்ட்ரட் வாங்கினார். பேர் எழுதி வைத்து ஊரே காத்திருந்ததே, அந்தச் சின்ன வண்டிதான், வெள்ளை, ஏசி வைத்தது. எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போனார். ஸ்டெல்லா பின்சீட்டில் ஏசி காற்று முகத்தில் பட கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்தாள், தலையில் ஒரு முடி கலையவில்லை. என்னோடு மூன்று வருஷம் வண்டியில் வந்தவள், ஒரு நாள்கூட அப்படிக் கண்ணை மூடினதில்லை.

பொறாமை என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, வயிறு எரிகிறது என்பார்களே, நிஜமாகவே எரிந்தது. லூர்து நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

இது போதாததற்கு அவர் ஒரு உபகாரமும் செய்ய வந்தார். துபாயில் இருக்கிற தம்பி பேரில் இன்னொரு புக்கிங் இருக்கிறதாம், அலாட்மெண்ட் வந்துவிட்டதாம், தம்பிக்கு வேண்டாமாம்.

"நீ எடுத்துக்க சகல. அந்த டப்பாவ வெச்சிகினு இன்னும் எத்தினி நாளு இந்தப் பொண்ண மழைல நனைய உடுவ? திங்கக்கெயம பேப்பர் குடுக்கணும், நாயித்துக்கெயமக்குள்ள சொல்லிடு."

'டப்பா' என்றார். சோழவரத்தில் ஓடிய வண்டியை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரம் முழுவதும் தூக்கம் இல்லை. ஹெரால்டை விட்டால் எனக்கென்று இருக்கிற ஒரே பெருமை போய்விடும். விடாவிட்டால் ஸ்டெல்லா ஒவ்வொரு தடவையும் லூர்துவின் வண்டியில் ஏறும்போது கண்ணை மூடிச் சாய்வாள், அதைப் பார்த்துக்கொண்டு நான் இருக்க வேண்டும். இரண்டும் முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லியில் மாமியார் வீட்டில் இருந்து திரும்பும்போது பருத்திப்பட்டு ஏரி பக்கம் மழை பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்தினேன். கூரை ஒழுகி அவள் மடியில் சொட்டியது. அவள் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வித்துடலாமாங்க?" என்றாள் கடைசியில், மெதுவாக.

"சரி, வித்துடலாம்" என்றேன். "அவர் சொன்ன வண்டியவே எடுத்துக்குவோம்."

சொன்ன பிறகுதான் டெஸ்மண்டின் பேச்சு ஞாபகம் வந்தது. கீழே இறங்கிப் பேசியிருக்கலாம், ஆனால் கொட்டுகிற மழையில் யார் இறங்குவார்கள்? சிரித்துக்கொண்டே ஸ்டெல்லாவிடமும் சொன்னேன், அவளும் சிரித்து, "மூத்தவ கோச்சுக்குவாளா?" என்று டேஷ்போர்டைத் தட்டினாள். நம்பினால் நம்புங்கள், சாவியைத் திருப்பினேன், வண்டி அதுவரை இல்லாத மாதிரி இருமி இருமித்தான் கிளம்பியது. ஆவடி வரைக்கும் குதித்துக் குதித்து வந்தது. பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன், இன்றைக்கும் அதற்கு அதுதான் காரணம் என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் காரணம் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. லூர்துவின் பட்டறையில் புது மிஷின் இறக்கியிருந்தார்கள், நாலு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் பட்டறையையும் காரையும் மந்திரிப்பதாக ஏற்பாடு. லூர்துவும் மேரியும் இரண்டரை மணிக்கு எய்ட் ஹண்ட்ரடில் வந்து எங்களைக் கூப்பிட்டார்கள். எனக்குப் போக மனம் இல்லை. அந்தக் காருக்குத் தீர்த்தம் தெளிப்பதை நான் கை கட்டி நின்று பார்க்க வேண்டுமா? கார்புரேட்டர் கழற்ற வேண்டும், நாளைக்கு வண்டியைப் பார்க்க ஆள் வரும், இருமிக்கொண்டிருந்தால் யார் வாங்குவார்கள் என்று சொல்லி நின்றுவிட்டேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஸ்டெல்லா போய்ப் பின்சீட்டில், டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வண்டி தெருமுனை திரும்பும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன், கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

நான் ஹெரால்டின் முன்பக்கத்தைத் திறந்து வைத்தேன். மூன்று மணிக்குக் கார்புரேட்டர் கையில் வந்துவிட்டது. வீட்டுக்கு முன்னால் இருந்த மூன்று படியில் நடுப்படியில் உட்கார்ந்து, ஒரு அலுமினியக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு பாகமாகப் போட்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாண்டி, மதுரைப் பையன், என் செக்ஷன்தான், பனியனோடு வந்து கூட உட்கார்ந்தான். ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிய மனுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன் ஆறு மணி வரைக்கும் பேசினான். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த மூன்று மணி நேரமும் கார்புரேட்டர் என் கையில் இருந்தது, நான் பாண்டியின் கண் முன்னால் இருந்தேன், கார் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நின்றது, சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் போட்டிருந்தது நீலச் சட்டை, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டி பேசுவது ஒரு காதில் விழுந்துகொண்டிருந்தது. என் மனசு முழுக்கத் திருமழிசையில் இருந்தது. இப்போது சாமியார் வந்திருப்பார், இப்போது எல்லோரும் அந்தக் காரைச் சுற்றி நிற்பார்கள், லூர்து சிரிப்பார், ஸ்டெல்லா சிரிப்பாள். கார்புரேட்டரில் பெட்ரோல் பீச்சுகிற ஜெட்டின் சின்ன ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தபடியே நினைத்தேன், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, யாருக்கும் அடி படாமல் அந்த வெள்ளை வண்டியில் ஒரே ஒரு கீறல் விழட்டும் என்று நினைத்தேன். நீளமாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்போது மணி அஞ்சு இருக்கும், பாண்டி வீட்டு ரேடியோவில் ஏதோ பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது.

ஆறு மணிக்கு வெளிச்சம் போகும் முன் அவர்கள் திரும்பினார்கள். முதலில் கார்தான் என் கண்ணில் பட்டது. வலது பக்கம், முன் மட்கார்டில் இருந்து பின் கதவு வரை, நீளமாக ஒரு கீறல், அதில் கருஞ்சிவப்பு ஒட்டியிருந்தது.

ஸ்டெல்லா இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்றாள்.

"என்ன பண்ணேன்?"

லூர்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். கோபம்கூட இல்லை, பாவமாகக் கேட்டார். "சகல, நான் ஆர்ன் அட்சேன், கைய காட்னேன், நீ திரும்பியே பாக்கல. அஞ்சு மணிக்கி எஸ்டேட் திருப்பத்துல சைடுல வந்து ஒட்டிகினே வந்தியே, அப்பறம் ஒரசிகினு போய்கினே இருந்த. உனுக்கு இன்னா ஆச்சு? வண்டி வோணான்னா வோணான்னு சொல்லு, இதுக்கோசரம் இப்டியா?"

நான் கிண்ணத்தைக் காட்டினேன். மண்ணெண்ணெயில் கார்புரேட்டர் பிரிந்து கிடந்தது. லூர்து பட்டறைக்காரர், அவருக்கு விளக்கம் தேவையில்லை, அது இல்லாமல் எந்த வண்டியும் ஒரு அடி நகராது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாண்டி படியில் இருந்து எழுந்து, "அண்ணே, மூணு மணியிலருந்து நாங்க ரெண்டு பேரும் இங்கனதான உக்காந்திருக்கோம், அண்ணன் எந்திரிக்கக்கூட இல்லையே" என்றான்.

நாலு பேரும் சந்துக்குப் போனோம். நான் திறந்து வைத்த முன்பக்கம் மூடியிருந்தது. நான் மூடவில்லை, பாண்டியும் மூடவில்லை. இடது மட்கார்டில் வெள்ளைப் பெயிண்ட், விரல் அகலத்துக்கு. குனிந்து டயரைப் பார்த்தேன், புதுத் தார் ஒட்டி, அதில் பொடி ஜல்லி பதிந்திருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் ரோட்டில் தார் போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. லூர்து தன் காரின் டயரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அதிலும் அதே ஜல்லி. "எஸ்டேட் ரோட்ல இன்னிக்கி காலைலதான் தார் ஊத்தனாங்க" என்றார். நான் முன்பக்கத்தைத் திறந்து, கார்புரேட்டர் இருந்த வெற்று இடத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் மேல் கை வைத்தேன். சுட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

பாண்டி வீட்டுக்குப் போய் நெற்றி நிறைய விபூதியோடு திரும்பினான். மேரி காரைவிட்டு இறங்கவே இல்லை, உள்ளே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். லூர்து புறப்படும் முன் என் தோளில் கை வைத்து, "அலாட்மெண்ட் பேப்பர நாளைக்கி உன் பேர்ல மாத்திக் குடுத்துட்றேன். இத மட்டும் ஊட்டாண்ட வெச்சிக்காத நைனா" என்றார். நான் ஒரு வாரம் தூங்காமல் புரட்டிய விஷயம் அப்படி முடிந்தது.

அன்று ராத்திரி ஸ்டெல்லா சாப்பிடவில்லை. நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், ஆள் நான்தான் என்று நிச்சயமாகத் தெரிந்ததா என்று.

"உங்களத் தெரியாதா எனக்கு? நீலச் சட்டை. கூரையை மடிச்சு விட்டிருந்தீங்க. ஜன்னலுக்குப் பக்கத்துல, கை நீட்டினா தொடலாம்."

"கோவமா இருந்தேனா?"

"கோவம் இல்லங்க. ரோட்டையே பாக்கல நீங்க. என்னையே பாத்தீங்க. யாரோ என்னைத் தூக்கினு போற மாதிரி, கண்ணு கொட்டாம. மூணு வருஷத்துல ஒரு நாள்கூட நீங்க என்னை அப்படிப் பாத்ததில்ல."

அந்த நேரத்தில் என் மனசில் இருந்த முகம் அதுதான். அதை நான் யாருக்கும் காட்டவில்லை, ஜெட்டின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு காரில் இருந்து பெயிண்ட் மாறி ஒட்டுவதற்குக்கூட நான் யோசித்தால் ஏதாவது காரணம் சொல்லிவிடுவேன். இதற்குச் சொல்ல முடியாது.

ஹெரால்டை யாருக்கும் விற்கவில்லை. திருநின்றவூர் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் விட்டு, வெட்டி முடிகிற வரைக்கும் நானே நின்று பார்த்தேன். கேஸ் கட்டரால் நடுவில் அறுத்தார்கள், கதவு வேறு, தரை வேறு, எஞ்சினைச் சம்மட்டியால் உடைத்தார்கள். அன்றைக்கு நான் அழுதேன், வெட்கம் இல்லாமல் சொல்கிறேன். ஒரு சின்னக் கண்ணாடிகூட எடுத்து வரவில்லை. அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கும் வெள்ளை எய்ட் ஹண்ட்ரட் வந்தது, ஸ்டெல்லா முன்சீட்டில் ஏசியில் கண்ணை மூடிச் சாய்ந்தாள், நான் நினைத்தது கிடைத்துவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு பழைய கதையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எட்டு வருஷம் கழித்து, எனக்கு மீசை வரைக்கும் நரைத்த பிறகு, ஒரு ஞாயிறு மத்தியானம் லூர்துவின் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எஸ்டேட் திருப்பத்தில் எதிரே ஒரு லாரி, நான் அதையே பார்த்து ஓட்டினேன். தூங்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா சட்டென்று நிமிர்ந்து இடது பக்கம் பார்த்தாள், கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரைக்கும் பார்த்தாள். என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்றாள். வீட்டுக்கு வந்து, வண்டியை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் சொன்னாள்.

"புளியமரத்தாண்ட நிக்குதுங்க, மூத்தவ. நீங்கதான் உக்காந்திருக்கீங்க. அதே நீலச் சட்டை." பிறகு என் தலையைப் பார்த்தாள். "அங்க உங்களுக்கு ஒரு முடிகூட நரைக்கல."

பயப்பட வேண்டும், இல்லையா? எனக்குப் பயம் வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் எரிந்த அதே இடத்தில் வயிறு எரிந்தது. அங்கே உட்கார்ந்திருக்கிற அவனுக்கு வண்டியும் இருக்கிறது, வயசும் இருக்கிறது, கண் கொட்டாமல் பார்ப்பதற்கு என் பெண்டாட்டியும் இருக்கிறாள். நான் எத்தனையோ தடவை அந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டேன். புளியமரம் இருக்கிறது, அதன் அடியில் ஒரு சைக்கிள் பஞ்சர் கடை இருக்கிறது, வேறு எதுவும் என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

ஸ்டெல்லா அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் வண்டிக்குள் உட்கார்ந்து எதையும் கேட்பதில்லை, பட்டது போதும். ஆனால் பூந்தமல்லி தாண்டியதும் நான் ஓரக்கண்ணால் கவனிக்காமல் இருக்க முடிவதில்லை. போன மாதம் போனபோதும் அப்படித்தான். எஸ்டேட் திருப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள், கலையாத தலையை ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டாள், பூச்சரத்தை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். பிறகு, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே, புளியமரம் வருகிற தன் பக்கத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.